கேரட்டில் ஒரு குழல், கடலில் ஓர் ஆர்கன்

கேரட்டைக் கடித்துத் தின்னலாம், பொரியல் செய்யலாம், அல்வா கிண்டலாம். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஒரு கூட்டம் அதை ஊதுகிறது!

1998-இல் தொடங்கிய காய்கறி இசைக்குழு அது. கச்சேரிக்குக் கச்சேரி புதுக் காய்கறி வாங்குவார்கள். கேரட்டை நீளவாக்கில் குடைந்து, பக்கத்தில் விரல் துளை போட்டால் குழல் தயார். பூசணிக்காய் முரசாகும். இரண்டு கத்தரிக்காய்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போடும். வெங்காயத்தாளைப் பெரிதாக்கியது போலிருக்கும் லீக் என்ற காய்கறி வயலினாகிக் கிறீச்சிடும். கச்சேரி முடிந்ததும் ரசிகர்களுக்குச் சூடாகக் காய்கறி சூப்!

குட்டி நண்பர்களே, எனக்குப் புல்லாங்குழல் ஒரு பொழுதுபோக்கு. மேடை ஏறும் வித்வான் இல்லை, மொட்டைமாடி வித்வான். ஆனால் உலகத்தில் யாராவது எதையாவது தட்டி, ஊதி, உரசி விசித்திரமாக ஓர் இசை செய்து இணையத்தில் போட்டுவிட்டால், அதைத் தேடிப் பிடித்துக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. கேட்கும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன்.

ஒன்று: இதில் எது அதிர்கிறது?
இரண்டு: எதை மாற்றினால் சுருதி மாறும்?

இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், எவ்வளவு புதிரான வாத்தியமும் தன் சூட்சுமத்தைச் சொல்லிவிடும்.

பீப்பியும் கேரட்டும்

கேரட் குழலில் அதிர்வது கேரட் அல்ல, அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று. எல்லாத் துளையையும் விரலால் மூடினால் நீளமான காற்றுத் தண்டு கிடைக்கிறது. அது மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த சுரம் தருகிறது. துளைகளைத் திறக்கத் திறக்கக் காற்றுத் தண்டு குட்டையாகிறது. வேகமாக அதிர்கிறது, சுரம் ஏறுகிறது. என் மூங்கில் குழலிலும் இதே கதைதான். மூங்கில் பல வருடம் உழைக்கும். குடைந்த கேரட்டோ சீக்கிரமே வாடிச் சுருங்கிவிடும். அதனால்தான் அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சந்தைக்கு நடை.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி, பீப்பி ஊதுகிறீர்களே! நசுங்கிய முனையில் இரண்டு இலை விளிம்புகள் நெருங்கி நிற்கும். ஊதும்போது அவை படபடவென்று திறந்து மூடும். நாதஸ்வரத்தின் சீவாளி செய்கிற வேலையும் இதுதான். அங்கே நாணல், இங்கே பூவரசம் இலை.

கணினிக் குப்பையில் கச்சேரி

கணினியில் ‘சேமி’ என்பதற்கு ஒரு சதுரப் படம் இருக்கிறதல்லவா? அது ஃப்ளாப்பி என்ற பழைய தகட்டின் படம். உங்கள் அப்பா, அம்மா மாணவர்களாக இருந்த காலத்தில் கோப்புகளை அதில்தான் சேமித்தார்கள். அதைப் படிக்கும் கருவியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. தகட்டைப் படிக்கும் முனையை அது ஒரே இழுப்பாக இழுக்காது. ‘டக், டக்’ என்று ஒவ்வோர் அடியாக நகர்த்தும்.

போலந்து நாட்டுப் பொறியாளர் பாவெல் ஸட்ரோஸ்னியாக் இந்த ‘டக் டக்’கைப் பிடித்துக்கொண்டார். நொடிக்கு இரண்டு, மூன்று அடி என்றால் நம் காதில் அது வெறும் தட்டல்தான். நொடிக்கு 440 அடி என்று ஓட்டினால்? தட்டல்கள் ஒன்றோடொன்று கலந்து ‘ஙீ...’ என்று ஒரே சுரமாகிவிடும்! பாட்டு வாத்தியார்கள் ஆறு கட்டை என்று சொல்லும் சுருதி அது. 880 ஆக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கீழ் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் உள்ள உறவு இந்த இருமடங்குதான். நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கை அதிர்வெண் என்பார்கள். அதன் அலகு ஹெர்ட்ஸ்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இந்த மோட்டாருக்கு மெல்லவும் பலமாகவும் வாசிக்கத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பல கருவிகளைச் சேர்த்து அடுக்கினார். மெல்லிய ஓசைக்கு ஒன்றிரண்டு ஓடும்; பலத்த ஓசைக்கு மொத்த அடுக்கும் சேர்ந்து ஓடும். ஃப்ளாப்போட்ரான் என்று அவர் பெயரிட்ட இந்தப் பட்டாளத்தில் 2022-இல் 512 ஃப்ளாப்பி கருவிகள், 16 ஹார்ட் டிஸ்க், 4 ஸ்கேனர் இருந்தன. காயலான் கடைக்குப் போக வேண்டியவை எல்லாம் கச்சேரிக்கு வந்துவிட்டன!

கோலிகள் வாசிக்கும் பாட்டு

சுவீடன் நாட்டு இசைக் கலைஞர் மார்ட்டின் மோலின் மரத்தால் ஒரு பெரிய இயந்திரம் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் 2,000 எஃகுக் கோலிகள் மேலே ஏறி, ஒவ்வொன்றாக விழுந்து, கீழே உள்ள உலோகப் பட்டைகளிலும் தந்திகளிலும் மோதி வாசிக்கும். 2016-இல் வெளியான அந்தக் காணொளியைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். நானும் எத்தனையோ முறை பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை.

இங்கே அதிர்பவை பட்டையும் தந்தியும். குட்டைப் பட்டை உயர்ந்த சுரம் தரும், நீளப் பட்டை தாழ்ந்த சுரம் தரும். ஆனால் ஒரு வேடிக்கை. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். ஒரே பருமனுள்ள பட்டையைப் பாதியாக்கினாலோ நான்கு மடங்காகும். இரண்டு ஸ்தாயி தாவிவிடும்! தந்திக்குத் தெம்பு அதை இழுத்துக் கட்டியதில் இருக்கிறது. பட்டைக்குத் தெம்பு அதன் சொந்த விறைப்பில். குட்டையான பட்டையை வளைப்பது மிகவும் கஷ்டம். அதனால் வளைந்ததும் சட்டென்று நிமிர்ந்துவிடுகிறது.

அலை ஊதும் குழல்

குரோஷியா நாட்டின் ஸடார் நகரக் கடற்கரையில் ஆர்கன் என்ற குழாய் வாத்தியம் ஒன்று இருக்கிறது. அதற்கு வாசிப்பவரே கிடையாது. நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் 2005-இல் அங்கே 70 மீட்டர் நீளத்துக்குப் படிக்கட்டு அமைத்து, அதற்கடியில் 35 குழாய்களைப் பதித்துவிட்டார். அலை குழாய்க்குள் புகுந்ததும் உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படுகிறது. ஊதலில் இருப்பது போன்ற ஒரு வாயில் மோதி அது பாடுகிறது. எந்தச் சுரம் என்பதைக் குழாயின் அளவு முடிவு செய்துவிட்டது. எப்போது, எவ்வளவு பலமாக என்பதை மட்டும் கடல் முடிவு செய்கிறது. படியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்டாலும் ஒரே பாட்டு இரண்டாவது முறை வராது.

செய்து பார்ப்போமா?

தேவை: ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி பாட்டில்கள், தண்ணீர், ஒரு மரக்கரண்டி. கண்ணாடி என்பதால் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டிலில் கால்வாசி, மற்றதில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றுங்கள். கரண்டியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். எது உயர்ந்த சுரம்? தண்ணீர் குறைவாக உள்ள பாட்டில்தான். இப்போது கீழுதட்டைப் பாட்டிலின் வாயோரம் வைத்து, குறுக்காக ‘ஃபூ’ என்று ஊதுங்கள். அடடே! தண்ணீர் அதிகமாக உள்ள பாட்டில் அல்லவா உயர்ந்த சுரம் தருகிறது! அதே பாட்டில், அதே தண்ணீர், விடை மட்டும் தலைகீழ். ஏன்?

முதல் கேள்வியைக் கேளுங்கள்: எது அதிர்கிறது? தட்டும்போது கண்ணாடிச் சுவர் அதிர்கிறது. தண்ணீர் அதன்மேல் ஒட்டிய சுமை. சுமை கூடினால் அதிர்வு மந்தமாகும், சுரம் இறங்கும். ஜலதரங்க வித்வான் பீங்கான் கிண்ணங்களில் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் விட்டுச் சுருதி சேர்ப்பது இந்தக் கணக்கில்தான்.

ஊதும்போது அதிர்வது பாட்டிலுக்குள் உள்ள காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும். குறைந்த காற்று வேகமாக அதிரும், சுரம் ஏறும்.

கடம் வாசிப்பவரைக் கவனித்தால் இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடப்பது தெரியும். விரல் தட்டுவது மண் சுவரை. அவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிப்பாரே, அது உள்ளே இருக்கும் காற்றின் ஓசையை மாற்றுவதற்கு.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். குழாயடியில் குடம் நிரம்ப நிரம்ப, தண்ணீர் விழும் ஓசை மேலே ஏறிக்கொண்டே போகும். அதைக் கேட்டே, குடத்தைப் பார்க்காமல், சரியான நேரத்தில் குழாயை மூடிவிடுவார்கள் நம் பாட்டிமார். குடத்திடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அது தட்டிய பாட்டிலின் கட்சியா, ஊதிய பாட்டிலின் கட்சியா? நாளைக் காலை தண்ணீர் பிடிக்கும்போது கேட்டுவிட்டு, காரணத்தை உங்கள் பாட்டிக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.