கிரீஸ் அடிச்சும் பேரிங் ஏன் போச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட இருந்து போன். ஓஎம்ஆர் பக்கம் பிரஷ் வெச்ச ஆட்டோமேட்டிக் கார் வாஷ் நடத்துறார். ஞாயித்துக்கிழமை காலைல, வாசல்ல கார்கள் வரிசை கட்டி நிக்கிற நேரத்துல, பக்கவாட்டு பிரஷ் கிறீச்னு கத்திட்டு நின்னுடுச்சு. பேரிங் போச்சு. நாலு மாசத்துல இது ரெண்டாவது தடவை. "தம்பி, வாரா வாரம் கிரீஸ் அடிக்கிறேன். பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் அடிக்கிறேன். அப்புறம் எப்படிப்பா போகும்?"னு கேட்டார்.

பதில் அந்தக் கேள்விக்குள்ளயே இருக்கு. அதைத்தான் இன்னிக்கு பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதல்ல, கிரீஸ்னா என்ன?

கெட்டியான ஆயில்னு நினைக்கிறோம். உண்மையில அது ஆயிலைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி. பெரும்பாலும் முக்கால் பங்குக்கு மேல ஆயில்தான். மிச்சம், அதைக் கெட்டியா வெச்சிருக்கிற பொருளும் சில ரசாயனங்களும். பேரிங் சுத்தும்போது ஸ்பாஞ்சுல இருந்து ஆயில் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வேலை செய்யும்.

இப்போ கார் வாஷை யோசிங்க. அங்க ஓடுற ஷாம்பூவோட வேலையே எண்ணெய்ப் பிசுக்கைக் கரைச்சு எடுக்கிறதுதான். கார் மேல இருக்கிற பிசுக்கு எது, பேரிங்குல இருக்கிற கிரீஸ் எதுன்னு அதுக்குத் தெரியாது. அதனால லாரிக்கு நல்லா உழைக்கிற கிரீஸ் இங்கயும் உழைக்கும்னு சொல்ல முடியாது.

டப்பால எதைப் பார்க்கணும்?

மூணு விஷயம். ஒண்ணு, கெட்டித்தன்மை. என்எல்ஜிஐ-ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். 000-ன்னா கிட்டத்தட்ட ஓடும், 6-ன்னா கட்டி. சாதாரண பேரிங்குக்கு 2 எடுக்கலாம்.

ரெண்டு, எதை வெச்சுக் கெட்டியாக்கியிருக்காங்க? கடைல போய் கிரீஸ்னு கேட்டா பெரும்பாலும் லித்தியம் கிரீஸைத்தான் எடுத்துத் தருவாங்க. தண்ணில நனைஞ்சுகிட்டே இருக்கிற இடத்துக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் நல்ல தேர்வு. தண்ணியை நல்லா தாங்கும், துருவையும் தடுக்கும். விலை கூடத்தான். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை கடை மூடினா போற காசோட ஒப்பிட்டுப் பாருங்க.

மூணு, தண்ணில எவ்வளவு கரைஞ்சு போகுதுங்கிற டெஸ்ட். ஏஎஸ்டிஎம் டி1264-ன்னு டேட்டா ஷீட்ல இருக்கும். சுத்துற பேரிங் மேல ஒரு மணி நேரம் தண்ணி அடிச்சு, எத்தனை சதவீதம் கிரீஸ் போச்சுன்னு பார்ப்பாங்க. நம்பர் குறைய இருந்தா நல்லது.

கலரைப் பார்த்து மட்டும் வாங்காதீங்க. நீலமோ சிவப்போ, அது வெறும் சாயம். ரெண்டு நீல கிரீஸ் உள்ளுக்குள்ள வேற வேறயா இருக்கலாம். லித்தியமும் பாலியூரியாவும் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத கிரீஸ்களைக் கலந்தா, இளகி வழிஞ்சே போயிடும். புது வகைக்கு மாறணும்னா பழசைச் சுத்தமா எடுத்துட்டு மாறுங்க.

சரி, எந்த கன்?

மூணு வகை: லீவர் கன், ஒரே கையில அமுக்குற பிஸ்டல் கன், பேட்டரி கன். பத்து இருபது நிப்பிள்தான் இருக்குன்னா, வளையுற ஹோஸ் வெச்ச லீவர் கன் போதும். உள்ள கிரீஸ் இறங்குதா, அடைச்சிருக்கான்னு கைக்கே தெரியும். நிறைய நிப்பிள் இருந்து, நாள் பூரா அடிக்கணும்னா பேட்டரி கன் சரி. ஆனா அதுல அந்தக் கை உணர்வு கிடைக்காது.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரு வேலை: பத்து தடவை அமுக்கி, வர்ற கிரீஸைத் தராசுல போடுங்க. 10 கிராம் வந்தா ஒரு அமுக்குக்கு 1 கிராம். கன்னுக்கு கன் இது மாறும்.

அண்ணன் விட்ட இடம்

ஒரு பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் போடணும்னு எளிய கணக்கு இருக்கு. வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டர்ல பெருக்கி, 0.005-ஆல பெருக்குங்க. 6205 பேரிங்குன்னா 52 பெருக்கல் 15 பெருக்கல் 0.005. சுமார் 4 கிராம். நம்ம கன்ல நாலு அமுக்கு. மெஷினோட மேனுவல்ல வேற அளவு சொல்லியிருந்தா அதையே பின்பற்றுங்க.

அண்ணன் எத்தனை அமுக்கு? "எண்ணினதில்லப்பா"ன்னார். கார் டயர்ல 30 சொச்சம் பிஎஸ்ஐ காத்து இருக்கும். கை கிரீஸ் கன் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ தரும். அந்த அழுத்தத்துல வேகமா அடிச்சா ரப்பர் சீல் பிதுங்கிடும். சீல் போன அன்னிக்கே ஷாம்பூ தண்ணி உள்ள போக ஆரம்பிக்கும். அவர் போட்ட கிரீஸ்தான் தண்ணிக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கு!

அதனால, கொஞ்சமா, அடிக்கடி. சாயங்காலம் கடை மூடினதும் அடிச்சா, உள்ள புகுந்த ஈரம் ராத்திரி முழுக்கத் தங்காது. மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, நிப்பிளைத் துடைச்சிட்டு, பிரஷைக் கையால மெதுவா சுத்திக்கிட்டே அடிங்க. நிப்பிளைத் துடைக்காம அடிச்சா மண்ணையும் சேர்த்து உள்ள தள்றீங்க. பிரஷர் பம்புக்கு வேணுங்கிறது ஆயில், அதை இதோட குழப்பிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இது பேரிங்கை விட முக்கியம். ஹோஸ்ல கீறல் இருந்தா உடனே மாத்துங்க. அந்த அழுத்தத்துல கிரீஸ் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதல்ல வலி கூட இருக்காது. காலைல பார்த்துக்கலாம்னு விடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ள கிரீஸ் போயிருக்குன்னு சொல்லுங்க. தள்ளிப் போட்டா விரலையே இழக்க வேண்டி வரலாம்.

அண்ணன் இப்போ சுவத்துல ஒரு அட்டை மாட்டியிருக்கார். ஒவ்வொரு நிப்பிளுக்கும் நேரா எத்தனை அமுக்குன்னு எழுதியிருக்கு. உங்க கடைல அந்த அட்டை இருக்கா? அடுத்த எபிசோடுல பார்ப்போம்.