கதைக்குள் நுழைந்த ரசிகர்

தமிழ் வாசகரும் திரைப்பட ரசிகரும் தமக்குப் பிடித்த கதையைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சைப் பொழுதுபோக்கின் மிச்சமாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் பெரும் புகழ் பெற்ற தொடர்கதைகளும் திரைப்படங்களும் உருவான விதத்தைக் கூர்ந்து நோக்கினால், அந்தப் பேச்சு எல்லாம் முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்த தீர்ப்பாக மட்டும் இருக்கவில்லை என்பதும், கதையின் போக்கையும் படத்தின் ஓட்டத்தையும் சில வேளைகளில் அவற்றின் ஆயுளையுமே அது தீர்மானித்திருக்கிறது என்பதும் புலப்படும்.

இதற்கு முதற்காரணம் தொடர்கதை என்னும் வடிவம். வார இதழில் பகுதி பகுதியாக வெளிவரும் நாவலில், அடுத்த வாரத்துக்குரிய பகுதியை ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சென்ற வாரத்துப் பகுதியை வாசகர் படித்து முடித்து, இன்னார் பிழைப்பாரா, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்குமா என்று வீட்டிலும் அலுவலகத்திலும் வாதிடத் தொடங்கியிருப்பார். அந்த வாதம் கடிதமாகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். இங்கிலாந்திலும் இது நடந்ததுதான். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்த ஆர்தர் கோனன் டாயில், வாசகரின் மனக்கசப்பும் பதிப்பாளர்களின் வற்புறுத்தலும் ஓயாத நிலையில், பத்தாண்டுகளுக்குப் பிறகு அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்.

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்' அவருடைய கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்தது. இவ்வளவு நீண்ட காலம் ஒரு கதையோடு வாழ்ந்த வாசகர்கள், அது நின்றபோது, வந்தியத்தேவன் என்ன ஆனான், பூங்குழலி என்ன ஆனாள், சதிகாரர்களுக்கு என்ன நேர்ந்தது என்றெல்லாம் விடை தெரியாமல் திடுமென முடித்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டனர். அந்தக் குறைக்குப் பதில் சொல்வதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். கற்பனைக் கதையை எங்கே வேண்டுமானாலும் நிறைவாக முடிக்கலாம், சரித்திரக் கதையை அப்படி முடிக்க இயலாது என்பதை விளக்கியதோடு, முக்கியமான பாத்திரங்களுக்குப் பின்னால் நேர்ந்தவற்றையும் அதில் எடுத்துரைத்தார். இன்று கடைகளில் கிடைக்கும் ஐந்தாம் பாகத்தின் இறுதியில் அந்த முடிவுரையும் அச்சாகியிருப்பதால், எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய வாசகரின் மனக்குறை நாவலின் ஓர் அங்கமாகவே நிலைபெற்றுவிட்டது எனலாம். கல்கி 1954 டிசம்பரில் மறைந்த பிறகும் அந்தக் குறை தீரவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையை மேலே கொண்டுசென்றார். பாலகுமாரன் ராஜராஜனின் ஆட்சிக்காலத்தை 'உடையார்' என ஆறு பாகங்களாக விரித்தார். முந்தைய கதையின் ரசிகர் அடுத்த கதையின் ஆசிரியராகும் இந்த வழி தமிழில் எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது.

அக்காலத்து வாசகர்கள் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தடித்த அட்டை போட்டு வைத்துக்கொண்டனர். ஓவியங்களும் துணுக்குகளும் விளம்பரங்களும் அப்படியே இருக்கும் அந்தத் தொகுப்புகள் உறவினர் வீடுகளுக்கு இரவல் போய், பல நாள் கழித்து, சில வேளைகளில் திரும்பியும் வந்தன. ஒரு நூலை உருவாக்கியவர்களுள் வாசகரும் ஒருவராகிவிட்ட நிலையில், அதைப் பற்றிய கருத்தில் உரிமைக் குரல் ஒலித்ததில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

நாவல் திரைப்படமாகும்போது இந்த உரிமைக் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். 'கலைமணி' என்னும் பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' கோபுலுவின் கோடுகளால் வாசகர் மனத்தில் முகமும் உடையும் பெற்றுவிட்ட கதை. அதை 1968இல் படமாக்கிய ஏ.பி. நாகராஜன் சேலம் மாவட்டம் சங்ககிரிப் பகுதியிலுள்ள அக்கம்மாபேட்டையைச் சேர்ந்தவர். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்த அந்தப் படம், ஓவியத்தில் கண்ட முகங்களை ரசிகர் மனத்திலிருந்து பெயர்த்துவிட்டுத் தன் முகங்களை அங்கே நிறுத்திக்கொண்டது. இவ்வாறு வென்ற படங்கள் தமிழில் அதிகமில்லை.

சேலம் இந்த வரலாற்றில் தற்செயலாக வந்து சேர்ந்த ஊர் அன்று.  சேர்வராயன் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலைகளுள் ஒன்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக்கு வந்து, மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைத் தாண்டி நகருக்குள் நுழைகிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனம் சென்னைக்கு வெளியே இருந்துகொண்டே நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது, மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' 1950இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் அங்கிருந்து வெளிவந்தவை. அந்தக் காலத்துத் திரையரங்க வாசல்களில் விற்ற பாட்டுப் புத்தகம், ரசிகர் கருத்துக்குக் கிடைத்த மலிவான மூலதனமாகும். பாடல்களோடு கதைச்சுருக்கமும் தந்து, முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அந்தச் சிறு நூல், படம் பார்க்காதவருக்கும் கதை பற்றி ஊகிக்கவும் பேசவும் வாய்ப்பளித்தது. வசனம் பெரிதும் போற்றப்பட்ட ஆண்டுகளில் வசனப் புத்தகங்களும் தனியே விற்றன. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேறு வழியில்லாத காலத்தில் அவைதாம் ரசிகர் விவாதத்தின் மேற்கோள் நூல்கள்.

பட வணிகம் ஊர்களை வேறொரு கணக்கில் சேர்த்தது. விநியோக உரிமை விற்கப்படும் நிலப்பகுதிக்கு 'ஏரியா' என்று பெயர். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை அடங்கிய பகுதி 'சேலம் ஏரியா' எனப்படுகிறது. அதற்குள் பெரிய நகரங்கள் 'ஏ சென்டர்', நடுத்தர ஊர்கள் 'பி சென்டர்', சிற்றூர்கள் 'சி சென்டர்' எனத் தரம் பிரிக்கப்பட்டன. ஊரின் அளவையும் வசூலையும் குறிக்க எழுந்த இந்தப் பிரிவு, நாளடைவில் ரசனையின் அளவுகோலாகவும் பேசப்பட்டது. மெதுவாக நகரும் படம் சி சென்டரில் எடுபடாது என்பது வணிகர் பலரும் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட வாய்பாடு.

அந்த வாய்பாடு பொய்த்துப்போன இடம் 'முள்ளும் மலரும்' என்னும் படம். அதன் இயக்குநர் மகேந்திரனின் வாழ்க்கையே ரசிகர் கருத்து எவ்வளவு தொலைவு போகக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆரின் முன்னிலையிலேயே தமிழ்ப்படங்களின் செயற்கைத்தன்மையை, குறிப்பாகக் காதலர் ஆடிப்பாடித் திரியும் காட்சிகளை, அவர் மேடையில் விமர்சித்தார். நாயக நடிகர் முன்னால் அப்படிப் பேசிய மாணவரை அடக்கிவிடுவது எளிது, எம்.ஜி.ஆரோ பாராட்டினார், பின்னர் தாம் படமாக்க எண்ணியிருந்த 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. மகேந்திரன் பத்திரிகைத் துறைக்குச் சென்று, துக்ளக் இதழில் திரை விமர்சனங்கள் எழுதி, வசனகர்த்தாவாகி, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் இயக்குநரானார்.

அவர் முதலில் இயக்கிய கதை, கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் 1966இல் பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவல். மலைப்பகுதியில் விஞ்ச் இயக்கும் காளி என்னும் முரட்டுத் தொழிலாளிக்கும் அவன் தங்கைக்கும் இடையிலான பாசத்தை மட்டும் முதன்மையாக எடுத்துக்கொண்டு, நிகழ்ச்சிகள் பலவற்றை மாற்றி, வசனத்தைக் குறைத்து மகேந்திரன் அமைத்த படம் 1978 ஆகஸ்டில் வெளியானபோது முதற் சில வாரங்கள் திரையரங்குகளில் உற்சாகம் எழவில்லை. பின்னர் பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லச் சொல்லக் கூட்டம் பெருகியது. திரைத்துறையினர் 'மவுத் டாக்' என்று குறிப்பிடும் இந்த வாய்மொழிப் பரவல் சுவரொட்டியாலும் நாளிதழ் விளம்பரத்தாலும் செய்ய முடியாததைச் செய்யவல்லது. காரணம், சொல்பவரின் ரசனையைக் கேட்பவர் முன்பே அறிந்திருப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் படத்துக்கு அழுவார், எதற்குத் தூங்குவார் என்பது தெருவுக்கே தெரியும்.

அதே எழுபதுகளில் ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கியது ரசிகர் பேச்சுக்குப் புதியதோர் உருவத்தைக் கொடுத்தது. 1977இல் வந்த '16 வயதினிலே' பெற்ற 62.5, உயர்ந்த மதிப்பெண் என்று இன்றும் சுட்டப்படுகிறது. அரை மதிப்பெண்ணை எதைக்கொண்டு கூட்டினார்கள், எதற்காகக் குறைத்தார்கள் என்பதைப் பற்றி எழுந்த வாதங்களை நோக்க, அந்த எண் ஒரு விடையாக அல்லாமல் வினாவாகவே பயன்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்கு அஞ்சி வளர்ந்த ஒரு சமூகம், தன் நாயகருக்கு மதிப்பெண் போடுவதில் கண்ட இன்பமும் இதில் கலந்திருக்கலாம்.

ரசிகர் மன்றங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது, எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனும், மதுரையில் ஏழை எளிய ரசிகர்களிடையே களஆய்வு செய்த சாரா டிக்கியும் அவற்றின் அரசியல், சமூகப் பயன்களை விரிவாகக் காட்டியுள்ளனர். ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: மன்றம் என்பது கருத்தைப் பகிரும் இடம் என்பதைவிட, கருத்து முன்பே முடிவாகிவிட்ட இடம். நடிகரின் எல்லாப் படமும் நல்ல படம் என்ற உறுதியோடு நுழைபவருக்கு விவாதிக்க அவ்வளவாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கதையின் மேல் கொண்ட உரிமை கதையையே நிறுத்தும் அளவுக்குப் போனதும் உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாக வைத்துச் சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கருப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பால் இடையில் நிறுத்தப்பட்டு, பின்னர் மாற்றங்களோடு 'ரத்தம் ஒரே நிறம்' என வெளிவந்தது. ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளியாகி, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கடும் போராட்டத்தைச் சந்தித்தது. 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹோம்ஸுக்காகவும் வந்தியத்தேவனுக்காகவும் கோபித்துக்கொண்டவர்கள் கதையைப் படித்தவர்கள். இவ்வகைப் போராட்டங்களில் குரல் கொடுப்பவர் எல்லாரும் அப்படிப் படித்தவர்கள் என்று சொல்வதற்கில்லை.

மணிரத்னம் இயக்கத்தில் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாக வெளிவந்தபோது, படித்தவர்களின் வாதம் பழைய வேகத்தோடு திரும்பியது. மணிமேகலை என்னும் பாத்திரம் ஏன் இல்லை, சேந்தன் அமுதனுக்கு நாவலில் வந்து சேரும் அரியணைத் திருப்பம் ஏன் கைவிடப்பட்டது என்ற கேள்விகளோடு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டவர்கள் ஒரு பக்கம். நாவலைத் தொடாமலே படத்தைப் பார்த்து, பிறகு புத்தகக் கடைக்குப் போனவர்கள் மறுபக்கம். ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்குபவர் எதையேனும் விட்டே ஆகவேண்டும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எதை விடலாம் என்பதில்தான் உடன்பாடு ஏற்படவில்லை.

இந்த வாதங்களுள் மிகப் பயன் தந்தது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது. கல்கி அதை வேண்டுமென்றே இருளில் விட்டுவிட்டார்; படமோ கண்ணெதிரே ஏதேனும் ஒன்றைக் காட்டியாக வேண்டியிருந்தது. படம் காட்டியதை ஏற்காதவர்கள் வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கி, உத்தம சோழனுக்கு அக்கொலையில் பங்கிருக்கக்கூடும் என ஐயுற்ற கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியையும், அதை மறுத்த தி.வை. சதாசிவ பண்டாரத்தாரையும் எதிரெதிரே நிறுத்தினர். அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டுக்கு வந்து சேர்ந்தனர். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் குறிப்பிட்டு, அவர்களையும் அவர்களுடைய உறவினரையும் சேர்ந்த நிலங்கள் பறிமுதலானதைச் சொல்கிறது. கொலைக்கு ஏவியவர் உண்டா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆகவே குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற கல்வெட்டறிஞர்களின் விளக்கங்களைக் கையிலெடுத்துக்கொண்டு அந்த வழக்கு இன்னும் வாதாடப்பட்டு வருகிறது.