ஈறுப் பைக்குள் இறங்குமா துத்தநாகம்?

சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கும்போது, பல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் ஒரு வெள்ளைப் பொடியை எண்ணெய் விட்டுக் குழைப்பார். கிராம்பு வாசனை குப்பென்று அடிக்கும். எண்ணெய், கிராம்பில் உள்ள யூஜெனால். பொடி, துத்தநாக ஆக்சைடு. கடைப் பேச்சில் ஜிங்க். நூறாண்டுக்கும் மேலாகப் பல் மருத்துவத்தில் புழங்கும் இந்தத் துத்தநாகம், நாள்பட்ட ஈறுநோயையும் குணமாக்குமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பல் துலக்கித் துப்பும் நுரையில் சிவப்புத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஈறுநோயின் ஆரம்பக் கட்டம். ஒழுங்காகச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகி, நடுவே பை போல இடைவெளி விழும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அதை அளப்பார்கள். 3 வரை பயமில்லை. 5, 6 என்று போனால் பெரும்பாலும் அடியில் எலும்பு கரையத் தொடங்கியிருக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது.

அந்தப் பையில் குடியிருக்கும் கிருமிகளில் பொல்லாதது போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். ஜிஞ்சிபெய்ன் என்ற நொதியை விட்டு ஈறின் புரதத்தையே துண்டுபோட்டுத் தின்னும். துத்தநாகம் அந்த நொதியை முடக்குகிறது. கிருமிகள் சர்க்கரையை எரிப்பதையும் மட்டுப்படுத்துகிறது. வாய் நாற்றம் தரும் கந்தக வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். பல்லில் காரை கட்டுவதையும் குறைக்கும். ஜிங்க் சிட்ரேட், ஜிங்க் குளோரைடு என்று பற்பசை அட்டைகளிலும் மவுத்வாஷ் பாட்டில்களிலும் நீங்கள் பார்ப்பது இதற்காகத்தான். கிருமிக்கொல்லி மருந்தான குளோர்ஹெக்சிடின் அளவுக்குப் பல்லில் கறை ஏற்றாது. நாக்கில் கொஞ்சம் துவர்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் கொப்பளிக்கும் மருந்து எதுவும் பையின் வாசலைத் தாண்டி ஆழத்துக்குப் போவதில்லை. ஆகவே துத்தநாகத்தை ஜெல்லிலோ நுண்துகளாகவோ பைக்குள்ளேயே வைத்து, மெல்லக் கசியவிடப் பார்க்கிறார்கள். ஆய்வகத் தட்டில் கிருமிகள் நன்றாகவே மடிகின்றன. தட்டில் எச்சில் ஊறாது, மூன்று வேளைச் சாப்பாடு கிடையாது, கல்லாகிப்போன காரையும் கிடையாது. மனித வாயில் எலும்புத் தேய்மானத்தை இது நிறுத்தும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. என் கணக்கில், இப்போதைக்கு இது துணை மருந்துதான்.

அதற்காக ஜிங்க் மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் உச்சவரம்பு என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. துத்தநாகம் கூடினால் உடலில் தாமிரம் குறையும். அமெரிக்காவில் துத்தநாகம் கலந்த பல்செட் ஒட்டும் பசையை ஆண்டுக்கணக்கில் அளவுமீறித் தடவியவர்கள் சிலருக்குக் கால் மரத்து, நடையே தடுமாறியது.

பையைச் சுத்தம் செய்து காரையைச் சுரண்டி எடுப்பதுதான் இன்றும் முதல் சிகிச்சை. 'காரையை எடுத்தால் பல் ஆடும்' என்ற பயம் வேண்டாம். எலும்பு போனதால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. ஈறில் ரத்தம் வருகிறதென்றால், பற்பசையை மாற்றும் முன் பையின் ஆழத்தை அளந்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.