படித்ததை எப்படி நிரூபிப்பது?

பல ஆண்டுகளாக வார்டில் பணிபுரியும் ஒரு செவிலியருக்கு உரிமம் வழங்கிய வாரியத்திலிருந்து கடிதம் வருகிறது: உங்கள் டிப்ளமோ போலி என்று சந்தேகிக்கிறோம், விளக்கம் தாருங்கள். அவர் படித்த பள்ளியோ மூடிக் கிடக்கிறது. உண்மையாகவே படித்திருந்தால், அதை அவர் எப்படிக் காட்டுவது?

அமெரிக்காவில் இது கற்பனைக் கேள்வி அல்ல. 2023 ஜனவரி 25 அன்று 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற புலனாய்வின் முடிவு வெளியானது. தெற்கு புளோரிடாவின் மூன்று செவிலியர் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டதாகக் கூறி 25 பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஒரு டிப்ளமோவின் விலை 10,000 முதல் 15,000 டாலர். அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகை.

வியப்பு என்னவென்றால், அவற்றை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்விலும் தேறியிருந்தார்கள். 'என்கிளெக்ஸ்' எனப்படும் அந்தத் தேர்வு எளிதானதல்ல. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். தராசில் ஒவ்வொரு படிக்கல்லாக மாற்றி மாற்றி வைத்து எடை பார்ப்பதுபோல, ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியைக் கணினி ஒவ்வொரு முறையும் தேடித் தருகிறது. எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் நிறுத்திவிடும். அதனால் இன்று ஒருவருக்கு 85 கேள்விகளோடு முடிந்துவிடும், இன்னொருவருக்கு 150 வரை நீளும்.

இவ்வளவு நுட்பமான தேர்வும் அளப்பது அறிவையும் முடிவெடுக்கும் திறனையும்தான். நரம்பில் ஊசி ஏற்றும் கையை அது பார்ப்பதில்லை. அந்தக் கை பழகும் இடம் மருத்துவமனை. அங்கே மேற்பார்வையில் கழிக்கும் பயிற்சி நேரம் இல்லாமல் உரிமம் இல்லை. ஆகவே 'தேர்வில் தேறினேனே' என்ற வாதம் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்து உரிமத்தைப் பறித்துவிடவும் முடியாது. இதன் வேர் 1889-க்குப் போகிறது. மேற்கு வர்ஜீனியாவில் டென்ட் என்ற மருத்துவரின் டிப்ளமோவை, அதை வழங்கிய கல்லூரி நற்பெயர் பெற்றதல்ல என்று வாரியம் ஏற்க மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். ஆயினும் அந்தத் தீர்ப்பு ஒன்றைத் தெளிவாக்கியது: தொழில் செய்யும் உரிமை சொத்தைப் போல மதிப்புடையது, அதை மனம்போனபடி பறிக்கக் கூடாது. ஆகவே இன்று உரிமத்தைப் பறிக்க முன்னறிவிப்பு வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும். சட்டம் இதை 'உரிய நடைமுறை' என்கிறது.

எவ்வளவு சான்று போதும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்களில் குற்றச்சாட்டு உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். புளோரிடாவில் அது போதாது. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1987-இல் ஓர் ஆசிரியரின் வழக்கில், உரிமத்தைப் பறிக்கத் தெளிவான, நம்பவைக்கும் சான்று வேண்டும் என்றது. ஒரே ஆவணக் கட்டு ஒரு மாநிலத்தில் உரிமத்தைக் காக்கலாம், இன்னொன்றில் இழக்க வைக்கலாம்.

இனிதான் தேடல் தொடங்குகிறது. சந்தேகத்துக்குள்ளான பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலுக்கு மதிப்பில்லை. பள்ளியின் கைபடாத தடயங்கள் வேண்டும். பயிற்சிக்கு மாணவர்களை அனுமதிக்க மருத்துவமனை பள்ளியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். உள்ளே விடுமுன் தடுப்பூசிப் பதிவையும் காசநோய்ப் பரிசோதனையையும் கேட்டிருக்கும். மின்னணு நோயாளிப் பதிவேட்டை மாணவர் திறந்திருந்தால், யார், எந்த நிமிடத்தில் திறந்தார் என்பது கணினியில் பதிந்திருக்கும். மேற்பார்வையிட்ட செவிலியரின் மதிப்பீட்டுத் தாள், மாதாமாதம் கட்டிய கட்டணத்தின் வங்கிக் கணக்கு, வகுப்புக்குப் போன பயண ரசீது எல்லாம் சேர வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. ஆனால் ஒன்றையொன்று அறியாத ஐந்தாறு இடங்கள் ஒரே தேதியைச் சொன்னால், அதைப் பொய்யாகப் புனைவது மிகக் கடினம். இதே தேதிகள் எதிராகவும் பேசும். வகுப்பு நடந்த நாளில் ஆயிரம் மைல் தொலைவில் வேலை பார்த்ததாகச் சம்பளப் பதிவு இருந்தால் கதை கலைந்துவிடும்.

பயந்துபோய் உரிமத்தைத் தானே ஒப்படைத்துவிட்டால் தொல்லை தீருமா? தீராது. விசாரணை நடக்கும்போது ஒப்படைப்பதும் மருத்துவத் தொழிலர்களுக்கான தேசியத் தரவு வங்கியில் பதிவாகும். இன்னொரு மாநிலத்தில் விண்ணப்பித்தாலும் அது முன்னே வந்து நிற்கும். அதனால் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

வாரியம் காப்பது நோயாளியை. வழக்கறிஞர் காப்பது செவிலியரை. இருவருக்கும் தேவை ஒரே விடைதான்: அந்த நாளில், அந்த வார்டில், இவர் இருந்தாரா? அதைப் பொறுமையாகத் தேடும் விசாரணை இருந்தால்தான் போலிகள் வெளியேறுவார்கள், உழைத்துப் படித்தவர்கள் அவர்களோடு சேர்த்துத் தள்ளப்பட மாட்டார்கள்.