பாஸ்கலின் நினைவுத்தாள்
பாரிஸ், 1654 நவம்பர் 23, திங்கட்கிழமை இரவு

கணக்கிடும் இயந்திரம் செய்தவர். மலையுச்சியில் காற்றழுத்தத்தை அளக்க ஏற்பாடு செய்தவர். இதே 1654இல் கணிதவியலாளர் ஃபெர்மாவுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் இட்டவர். அந்த பிளேஸ் பாஸ்கலுக்கு அப்போது வயது 31. அன்றிரவு ஏறத்தாழ பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை தமக்கு நேர்ந்ததை இத்தாளில் எழுதினார்.

கையெழுத்தைச் சற்று நின்று பாருங்கள். தெளிந்த நடைக்குப் பேர்பெற்றவரின் வாக்கியங்கள் இங்கே உடைந்து கிடக்கின்றன. தர்க்கத்தின் முடிவில் நிறுவப்படும் கடவுளை அல்ல, விவிலியத்தின் முதுபெரும் தந்தையரிடம் பேசியவரை, இயேசுவில் தம்மை வெளிப்படுத்தியவரையே அறிந்ததாக எழுதுகிறார். அவரை அடையும் வழி நற்செய்தி காட்டும் வழி மட்டுமே என்பது அவர் உறுதி.

பாஸ்கல் நெருங்கியிருந்த போர்-ராயல் மடத்தார் புனித அகுஸ்தீனைப் பின்பற்றியவர்கள். மனிதர் கடவுளைத் தேடத் தொடங்குவதே அவர் அருளால்தான் என்பது அவர்கள் போதனை. அதற்காக பாஸ்கல் அறிவைத் துறக்கவில்லை. 1658இல்கூட சைக்ளாய்டு வளைகோட்டின் கணக்குகளில் மூழ்கியிருந்தார். அறிவு எதுவரை செல்லும் என்பதை அவரளவு நேர்மையாகச் சோதித்தவர்கள் குறைவு.

அன்றிரவு நேர்ந்ததைப் பற்றி அவர் வெளியே பேசியதாகத் தெரியவில்லை. 1662இல் அவர் இறந்தபின், மேலாடையின் உட்துணியில் ஏதோ தைத்திருப்பதைப் பணியாளர் ஒருவர் கண்டார். உள்ளே இத்தாளும், இதையே திருத்தமாகப் படியெடுத்த தோல் ஏடும் இருந்தன. தோல் ஏடு தொலைந்துவிட்டது. இங்குள்ளது நகல், மூலத்தாள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது.