பாத்திக்கு எந்தப் போர்வை?

சென்ற ஆண்டு சித்திரையில், அங்கத்தினர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "பாத்தியின் மேல் நான்கு அங்குல உயரத்திற்கு வைக்கோலைப் பரப்பிவிடுங்கள், தண்ணீர்ச் செலவு குறையும்" என்று நான் கூறினேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் மூதாட்டி ஒருவர் அவ்வண்ணமே செய்தார். கோடை முழுதும் அவருடைய மிளகாய்ச் செடிகள் வாடாமல் நின்றன. ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் வாரத்தில், இருபத்திரண்டு செடிகளில் பதினேழு, அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. எஞ்சியவற்றை நத்தைகள் தின்று தீர்த்தன. அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, போர்த்தச் சொன்னீர்கள், எப்போது விலக்க வேண்டும் என்று சொல்லவில்லையே" என்று மட்டும் கேட்டார்.

பிறர் கணக்கில் உள்ள பிழையைச் சுட்டுவது என் உத்தியோகம். இதுவோ என் பிழை. அதைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடாக்கு என்பது புதுமையன்று. நமக்கு அண்மையிலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் உள்ள புதர்க்காட்டின் தரையைக் கண்டவர்கள் அறிவார்கள்: அங்கே எவரும் இலையைக் கூட்டுவதில்லை, உதிர்ந்தது அங்கேயே கிடந்து மண்ணாகிறது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகச் சென்று உழவர்களுக்கு வலியுறுத்தியவற்றுள் இதுவும் ஒன்று. மூடிய மண்ணில் வெயில் நேரே படாது; ஈரம் விரைந்து ஆவியாகாது; களை முளைக்க ஒளி கிடைக்காது; மழைத்துளி மண்ணை அறைந்து இறுகச் செய்யாது; மூடிய பொருளே நாளடைவில் மட்கி எருவாகும்.

ஆயினும் நம் வட்டாரத்தின் வானிலை ஒரே சீரானதன்று. சென்னைப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2019 ஜூன் மாதத்திலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, நகரம் குடத்துடன் வரிசையில் நின்றது. இவ்விரண்டிற்கும் இடையில் வாழும் செடிக்கு ஆண்டு முழுவதும் ஒரே போர்வை எவ்வாறு பொருந்தும்? ஆகையால், மூடாக்கைத் தேர்ந்தெடுக்கும் முன், பொருளைப் பார்ப்பதற்கு முன்னதாகப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும்.

மூடாக்கு இடுவதற்கு உகந்த மாதம் தை. சித்திரையில் மண் காய்ந்த பின்னர் மூடுவது, பணம் செலவான பிறகு பெட்டியைப் பூட்டுவதை ஒக்கும். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும்போதே மூட வேண்டும். ஆனால் நாம் செய்வதென்ன? போகியன்று தெருவெங்கும் சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். எந்த நாளில் சருகு பாத்தியில் இருக்க வேண்டுமோ, அந்த நாளில் அது புகையாகிறது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போதும் இதே கதைதான்.

பத்தடி நீளம், நான்கடி அகலமுள்ள பாத்தியை மூன்று அங்குல உயரத்திற்கு மூடப் பத்துக் கன அடிச் சருகு தேவை. அதாவது நான்கைந்து சாக்கு. முதலில் களையெடுத்து, மண் காய்ந்திருந்தால் நன்கு நனைத்து, பின்னர் பரப்ப வேண்டும். நாற்று ஒரு சாண் உயரம் வளரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் வெறுமையாக விடப்படவேண்டும். நான் சொல்லத் தவறியவற்றுள் இதுவும் ஒன்று.

ஐப்பசி பிறக்கும் முன்னரே பழைய மூடாக்கைப் பாத்தியிலிருந்து வாரி, எருக்குழியில் இட்டுவிடுங்கள். ஆனால் மண்ணை அறவே வெறுமையாக விடலாகாது. தென்னை ஓலைத் துண்டு போன்ற, காற்றோட்டமுள்ள முரட்டுப் பொருளை மெல்லியதாகப் பரப்பினால் போதும். பாத்தியை அரையடி உயர்த்தி, நீர் வடிய வழி செய்வது இதனினும் முக்கியம். வயலாக இருந்து மனையான களிமண் நிலங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது.

இனிப் பொருள்களைப் பார்ப்போம். வைக்கோல் இலேசானது, பரப்ப எளிது; ஆனால் மழையில் படிந்து ஈரத்தைத் தேக்கும்; நெல்மணி ஒட்டியிருந்தால் பாத்தியில் முளைக்கும். கோடைக்கு நன்று, கார்த்திகைக்கு ஆகாது. மா, பலா இலைகள் தடித்தவை. முழுதாகப் போட்டால் தட்டுப்போல் அடுக்கி நின்று நீரை வழியவிடும். நொறுக்கிப் போடுதல் நலம். தேங்காய் உரிமட்டையின் குழிந்த பக்கம் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கி இருந்தால் நீர் தேங்கிக் கொசு பெருகும். புது மரத்தூளை மண்ணோடு கலந்தால், அது மட்கும்போது செடிக்குரிய தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

தென்னை நார்க்கழிவைப் பச்சையாக இடுவது தகாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி, ஒரு டன் கழிவிற்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைத்தால், கரிமத்திற்கும் தழைச்சத்திற்கும் உள்ள விகிதம் 112:1 என்ற நிலையிலிருந்து 24:1 ஆகக் குறைகிறது. அவ்வாறு மட்கியதையே வாங்குங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தாள், சொட்டுநீர்க் குழாய் பதித்த பெருந்தோட்டங்களுக்கு உதவலாம். அது மட்குவதில்லை, கிழிந்த துண்டுகள் மண்ணிலேயே தங்கும். நாற்பது சதுர அடிப் பாத்திக்கு அது வேண்டுவதில்லை. செடிகளிடையே தட்டைப்பயற்றை விதைத்து உயிர் மூடாக்காகவும் வளர்க்கலாம். நிழலும் தரும், கறிக்காயும் தரும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். தறியடியில் சேரும் நூற்கழிவைப் பாத்தியில் இடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சாயமேறாத தூய பருத்தி நூலானால், நறுக்கி, சருகோடு கலந்து இடலாம். சாயமிட்டதும், செயற்கை இழை கலந்ததும், ஜரிகை ஒட்டியதும் உணவுப் பயிரின் பக்கம் வரலாகாது.

நிற்க. மூடாக்கின் நிழலை நாடி வரும் பகைகள் இரண்டு. கரையான் காய்ந்த பொருளைத் தேடி வரும். ஆகவே வீட்டுச் சுவருக்கும் மூடாக்கிற்கும் ஓரடியேனும் இடைவெளி வேண்டும். மற்றொன்று, அம்மையாரின் செடிகளைத் தின்ற ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-இல் கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்ட இவ்வுயிர் இன்று நாட்டின் பல பகுதிகளில் பரவியுள்ளது. மழைக்கால இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி, உப்புநீரில் இடுவதே எளிய வழி. நோய்க்கிருமிகளைச் சுமப்பதால் அதை வெறுங்கையால் தொடலாகாது.

ஒரு வீட்டின் சருகு ஒரு பாத்திக்குப் போதாது. ஒரு தெருவின் சருகு அத்தெருவின் பாத்திகளுக்கெல்லாம் போதும். மரமுள்ள வீட்டில் பாத்தியில்லை. பாத்தியுள்ள வீட்டில் மரமில்லை. இவ்விரண்டையும் இணைப்பதற்குப் பெயர்தான் கூட்டுறவு. பத்து அங்கத்தினர் சேர்ந்து சாக்குகளில் சருகைச் சேர்த்து, மழைபடாத மூலையில் வைத்துப் பங்கிட்டுக்கொண்டால், முதலீடு ஏதும் வேண்டுவதில்லை. தணிக்கைக்கும் நான் வரமாட்டேன்!

இவ்வாண்டு போகிக்கு மறுநாள், என் வீட்டில் சேர்த்த ஐந்து சாக்குச் சருகை அந்த அம்மையார் வீட்டிற்குக் கொண்டுசென்றேன். பாத்தியை இருவருமாக மூடினோம். ஒவ்வொரு கன்றின் அடியிலும் மூன்று விரல் வைத்து அளந்துபார்த்துவிட்டு, அவர் தம் நாட்காட்டியில் புரட்டாசி கடைசி நாளில் ஒரு கோடிட்டு வைத்தார். அங்கத்தினர்களே, நீங்களும் அந்நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.