ஒரே சொல், மூன்று நிலைத் தொடர்கள்: தொடக்க வகுப்புச் சொற்பயிற்சியும் பூதலூர்ப் பேச்சுவழக்கும்

தொடக்க வகுப்புக் குழந்தை ஒரு சொல்லின் பொருளை அகராதி விளக்கத்தைக் காட்டிலும் அச்சொல் பயின்றுவரும் தொடரின்வழியே எளிதில் உணர்கிறது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 1 முதல் 3 வரையிலான வகுப்பு மாணவரின் கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. இப்பகுப்பையொட்டி ஒரு வினா எழுகிறது: நிலைக்கேற்ப மாறவேண்டுவது சொல்லா, தொடரா? எளிய சொற்களை மட்டுமே அரும்பு நிலைக்கு ஒதுக்கினால், பின்தங்கிய குழந்தையின் சொல்வளம் மேலும் குறுகும். சொல்லை ஒன்றாகவே வைத்துத் தொடரைப் படிப்படியாக வளர்ப்பதே தக்கது. இதனை ‘ஆறு’ என்னும் சொல்லைக் கொண்டு விளக்கலாம்.

கல்லணை அமைந்துள்ள பூதலூர் வட்டத்துக் குழந்தைக்கு ஆறு அறியாத பொருளன்று. காவிரியும் வெண்ணாறும் அங்கேதான் பிரிகின்றன. எனினும் வாசிப்பில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று, ‘ஆறு’ எண்ணையும் குறிக்கும்; ஆகவே ‘இது ஆறு’ என்னும் தொடர் பொருளை வரையறுப்பதில்லை. மற்றொன்று, நெடில்தொடர்க் குற்றியலுகரமாகிய இச்சொல் உருபேற்கையில் ஒற்று இரட்டித்து ‘ஆற்றில்’ என்றாகிறது. எண்ணுப்பெயரோ ‘ஆறில் ஒரு பங்கு’ என இரட்டாது நிற்கிறது. ‘ஆறு’ எனப் படித்த குழந்தை, ‘ஆற்றில்’ என்பதைப் புதுச்சொல்லாகக் கருதித் தயங்கக்கூடும்.

அதே குழந்தை பேச்சில் ‘ஆத்துல தண்ணி வந்துருச்சு’ என இயல்பாகக் கூறும். எண்ணைச் சொல்லும்போது ‘ஆறுல ஒண்ணு’ என்னும். இரட்டிப்பதும் இரட்டாததும் அதன் நாவுக்கு முன்பே பழக்கம், கண்ணுக்கே புதிது. எனவே ‘ஆத்துல’ என்பதைப் பிழையெனத் திருத்தி ஒதுக்காமல், ‘ஆற்றில்’ என்பதற்கு வாயிலாகக் கொள்ளுதல் வேண்டும்.

இந்நோக்கில் தொடர்களைப் பின்வருமாறு அமைக்கலாம்.

அரும்பு: ஆறு ஓடுகிறது.

மொட்டு: ஆற்றில் புதுநீர் வந்தது.

மலர்: ஆற்றிலிருந்து வாய்க்காலில் நீர் பாய்ந்தது; ஆறு நாளில் நடவு தொடங்கியது.

முதல் தொடரில் வினையே பொருளை உறுதிசெய்கிறது. இரண்டாவதில் உருபேற்ற வடிவம் மட்டுமே புதிது. மூன்றாவதில் இரு பொருளும் அடுத்தடுத்து நிற்க, சூழலைக்கொண்டு குழந்தையே பிரித்தறிகிறது. ஒவ்வொரு படியிலும் புதுமை ஒன்றாக இருத்தலே இவ்வமைப்பின் அடிப்படை.

‘மடை’ போன்ற வட்டாரச் சொற்களுக்கும் இம்முறை பொருந்தும். ‘மடையைத் திற’ எனத் தொடங்கும் பயிற்சி, மலர் நிலையில் ‘மடை திறந்த வெள்ளம்போல் பேசினாள்’ என்னும் உவமை வரை வளரலாம். வயலில் மடை திறப்பதைக் கண்ட குழந்தைக்கு அவ்வுவமையைத் தனியே விளக்கவேண்டுவதில்லை.

தொடரைப் படித்து முடித்தலோடு பயிற்சி நிறைவுறாது. அதே சொல்லை அமைத்துக் குழந்தை தானே ஒரு தொடர் கூறும்போதுதான் சொல் அதற்கு உரிமையாகிறது. அரும்பு நிலைக் குழந்தைக்குத் தொடர் குறுகியிருக்கலாம். சொல்லுலகம் குறுகியிருத்தல் கூடாது.